இரு களம் கண்ட வீரர்

1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. அன்றைய மைசூர் அணியே இன்றைய கர்நாடக அணி. பின்னாளில் ரஞ்சிக் கோப்பை எனப் பெயர்பெற்ற போட்டியின் முதல் ஆட்டம் அது. மைசூர் அணி 48, 59 ஓட்டங்களில் சுருண்டது. ஆட்டம் ஒரே நாளில் முடிவுற்றது. அதன் முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன்.

செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்த கோபாலன், திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். அவருடைய பந்துவீச்சுத் திறனைக் கண்ட சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், பர்மா ஷெல் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைக்க உதவினார். 1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் கோபாலன் ஆடினார்.

வளைகோல் பந்தாட்டமாகிய ஹாக்கியிலும் அவர் வல்லவர். 1935இல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் அவரும் இடம்பெற்றார்.

1936இல் ஒரு சிக்கல் எழுந்தது. இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமும் பெர்லின் ஒலிம்பிக்கும் ஒரே கோடையில் அமைந்தன. இரண்டில் ஒன்றையே அவர் ஏற்க இயலும். இந்திய ஹாக்கி அணி 1928, 1932 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்தது. கிரிக்கெட் அணியோ அதுவரை ஒரு டெஸ்டிலும் வென்றதில்லை. எனினும் கோபாலன் கிரிக்கெட்டையே தேர்ந்தார்.

இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவருக்கு ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெர்லினில் இந்திய ஹாக்கி அணி இறுதிப்போட்டியில் செருமனியை 8–1 என வீழ்த்தித் தங்கம் வென்றது.

அவர் தவறாகத் தேர்ந்தார் என்று இன்று சொல்வது எளிது. ஆனால், முடிவெடுக்கும் நாளில் விளைவு எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. விளைவு கசந்தபோதும் கோபாலன் தாம் தேர்ந்த களத்தைக் கைவிடவில்லை. தொடர்ந்து சென்னை அணிக்காக ஆடினார். பின்னர் இந்திய அணித் தேர்வாளராகவும் பணியாற்றினார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1950களில் தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டனர். ஒரேயொரு டெஸ்ட் ஆடிய அவர் 2003இல் மறைந்தபோது, உலகில் வாழ்ந்த டெஸ்ட் வீரர்களுள் மூத்தவராக விளங்கினார்.

சிந்தித்து விடையளிக்க:

1. சேப்பாக்கத்தில் நிகழ்ந்த முதல் ஆட்டத்திற்கும் நீங்கள் வாழும் கர்நாடகத்திற்கும் உள்ள தொடர்பு யாது?

2. 1936இல் கோபாலனின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எதனைத் தேர்ந்திருப்பீர்கள்? காரணம் கூறி ஐந்து வரிகளில் எழுதுக.