டோப்ளரோன் உறைக்கு மலை எப்போது வந்தது?

டோப்ளரோன் சாக்லேட்டின் உறையிலிருந்து ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரம் நீங்கப்போகிறது என்று 2023இல் செய்தி வந்தபோது, நூறாண்டு அடையாளம் ஒன்று பறிபோனதாகவே பலரும் பேசினார்கள். உண்மையில் அந்தச் சிகரம் உறைக்கு வந்தது 1970 வாக்கில்தான். சாக்லேட் அதைவிட அறுபது வயது மூத்தது. 1908இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் டோப்ளரும் அவருடைய உறவினர் எமில் பாவ்மனும் சேர்ந்து, பால் சாக்லேட்டில் தேனும் பாதாமும் கலந்த நூகாட்டைப் புகுத்தினார்கள். இத்தாலியில் அந்த மிட்டாய்க்கு 'டொர்ரோனே' என்று பெயர். குடும்பப் பெயரும் மிட்டாயின் பெயரும் ஒட்டிக்கொண்டதில் பிறந்ததுதான் டோப்ளரோன். பழைய உறைகளில் கழுகும் கரடியும் இருந்தன. கரடி பெர்ன் நகரத்தின் சின்னம். நாட்டைச் சுட்டுவதற்கு முன்பு அந்த உறை ஊரைத்தான் சுட்டியது.

அப்படியென்றால் முக்கோண வடிவம் மலையிலிருந்து வரவில்லையா? வந்திருக்கலாம், பலரும் நம்புவது அதைத்தான். டோப்ளரின் பிள்ளைகள் சொன்னதாக வழங்கும் கதையோ வேறு: பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ஆட்டக்காரிகள் நிகழ்ச்சி முடிவில் கூம்பாக அடுக்கி நின்ற காட்சியே தூண்டுதலாம். எது மெய்யானாலும் சாக்லேட்டில் ஒற்றைச் சிகரம் இல்லை, வரிசையாகப் பற்கள்தான் இருக்கின்றன. வடிவத்துக்கு மலை காரணமா என்பதே ஐயமாயிருக்க, பின்னால் வந்து சேர்ந்த மலை அந்த வடிவத்துக்கு ஒரு பூர்வகதை தேடிக் கொடுத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. வாங்குகிறவர்கள் எதைத் தங்கள் சொத்தாக நினைக்கிறார்கள் என்பது 2016இல் தெரிந்தது. பிரிட்டனில் 400 கிராம் கட்டியை 360 கிராமாக்க, நிறுவனம் முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளியை அகட்டியது. பல் விழுந்த பொக்கைவாய் போல இருக்கிறதென்று கேலியும் கோபமும் கிளம்பின. 2018இல் பழைய வடிவமே திரும்பியது. மலையின் கதை வேறு.

மலையை நீக்கியது சட்டம். 2017 முதல் நடப்பிலுள்ள சுவிஸ் அடையாள விதிகளின்படி, ஓர் உணவுப் பொருள் சுவிஸ் என்று சொல்லிக்கொள்ள மூலப்பொருள்களில் எடைக்கணக்கில் 80 விழுக்காடு உள்நாட்டிலிருந்து வர வேண்டும். பாலும் பால் பொருள்களுமானால் நூறு விழுக்காடு. பொருளுக்கு அதன் தன்மையைத் தரும் முக்கியத் தயாரிப்பும் அங்கேயே நடக்க வேண்டும். உற்பத்தியில் ஒரு பகுதியை ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவுக்கு மாற்ற முடிவெடுத்தது உரிமையாளரான அமெரிக்க நிறுவனம் மாண்டலீஸ். நாட்டின் அடையாளமாகிவிட்ட சிகரத்தை அதன்பின் உறையில் வைத்திருக்க வழியில்லை. கொக்கோ சுவிஸ் மண்ணில் விளைவதே இல்லையே, இதில் என்ன சுவிஸ் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே விளையாத பொருள்களைச் சட்டம் கணக்கில் சேர்ப்பதில்லை. அது காப்பது பாலையும் கைவேலையையும். சுவிஸ் சாக்லேட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவையும் அவையே.

மலை இவ்வளவு இளையது என்றால் அதை இழந்ததில் நட்டம் என்ன என்றும் கேட்கலாம். நட்டம் உண்டு, ஆனால் அது மரபின் நட்டம் அல்ல, விற்பனையின் நட்டம். விமான நிலையத்தின் தீர்வையற்ற கடைகளில்தான் டோப்ளரோன் பேர்போனது. அங்கே வாங்குகிறவருக்கு அது பயணத்தின் அத்தாட்சி. உறையிலிருந்த மலை அதற்கு முத்திரை. ஜூரிக்கில் கால் வைக்காதவர் துபாயில் வாங்கினாலும் ஆல்ப்ஸ் கைக்கு வந்துவிடும். அந்த மயக்கத்துக்குத்தான் சட்டம் விலை கேட்டது. புதிய உறையில் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, கோடுகளாலான ஒரு மலையும் டோப்ளரின் கையொப்பமும் இடம்பெற்றன. 'சுவிட்சர்லாந்தின்' என்றிருந்த இடத்தில் 'சுவிட்சர்லாந்தில் நிறுவப்பட்டது' என்று வந்தது.