நீயா, நானா? கம்ப்யூட்டர்களுக்குள் முட்டுக்கட்டை!

உத்திரமேரூர் பக்கத்தில் இரண்டு உழவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் ஏர் உண்டு, மாடு இல்லை. மற்றவரிடம் மாடு உண்டு, ஏர் இல்லை.

"முதலில் மாட்டைக் கொடு" என்கிறார் ஒருவர். "முதலில் ஏரைக் கொடு" என்கிறார் மற்றவர். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பெய்த மழையின் ஈரம் காய்ந்துவிட்டது. இரண்டு வயலும் தரிசு!

இதே சங்கடம் கம்ப்யூட்டர்களுக்கும் வருவது உண்டு. அதற்கு "டெட்லாக்" என்று பெயர். முட்டுக்கட்டை என்று சொல்லலாம்.

பூட்டிய கணக்குகள்

அண்ணன் தம்பிக்குப் பாங்கி மூலம் பணம் அனுப்புகிறார். அதே நொடியில் தம்பியும் அண்ணனுக்கு அனுப்புகிறார். தவறு வராமல் இருக்க, வேலை முடியும் வரை கம்ப்யூட்டர் கணக்கைப் பூட்டிவைக்கும்.

முதல் வேலை அண்ணன் கணக்கைப் பூட்டிவிட்டு, தம்பி கணக்குக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது வேலை தம்பி கணக்கைப் பூட்டிவிட்டு, அண்ணன் கணக்குக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது. பணமும் போய்ச் சேராது!

ஒரே கம்ப்யூட்டர் என்றால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. கணக்குகள் பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் இருந்தால்? எந்த ஒன்றுக்கும் முழு நிலவரம் தெரியாது.

சுற்றி வரும் சீட்டு

ஜெயதேவ் மிஸ்ரா, லாரா ஹாஸ், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த மணி சாண்டி ஆகிய மூவர் 1983-ல் ஒரு வழி சொன்னார்கள்.

காத்திருக்கும் வேலை, தான் யாருக்காகக் காத்திருக்கிறதோ அதற்கு ஒரு சீட்டு அனுப்பும். அதுவும் காத்திருந்தால், சீட்டை அடுத்ததற்கு அனுப்பும். சீட்டு சுற்றிச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் முட்டுக்கட்டை உறுதி!

உடனே ஒரு வேலை விலக வேண்டும். அது பாதியில் செய்ததை அழித்து, பூட்டைத் திறந்துவிடும். மற்றது முடிந்ததும் மீண்டும் தொடங்கும். பணம் தொலையாது.

இன்னொரு வழியும் உண்டு. சிறிய எண் உள்ள கணக்கைத்தான் எல்லோரும் முதலில் பூட்ட வேண்டும் என்று விதி வைத்துவிட்டால், இந்த முட்டுக்கட்டையே வராது.

முன்பே விதி

எந்த வழியானாலும், விதியைச் சிக்கல் வருமுன்பே வகுத்துவிட வேண்டும். உத்திரமேரூருக்கு இது புதிதல்ல. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோவிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். பதவி 360 நாள் மட்டுமே.

யார் வருவது, எப்போது விலகுவது என்ற இரண்டும் கல்லில் எழுதப்பட்டிருந்தன. நீயா, நானா என்று நின்று ஊர் வேலை கெட இடமில்லை!