கள்ளிமுளையான்: பிடுங்க வேண்டாம், நறுக்கினால் போதும்!

“கரட்டில் முளைக்கிற கள்ளிமுளையானை வீட்டில் வளர்க்க முடியுமா?” என்று வாசகர்கள் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். இன்றைக்கு அது அவசியமும்கூட.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, கிழக்கே ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் பெரும்பாலும் காற்று மட்டும்தான் வீசும். அந்த வறண்ட பாறைக் கரடுகளும் முள்காடுகளும்தான் இச்செடிக்கு ஏற்ற இடம். பெயரில் கள்ளி இருந்தாலும் இது எருக்கின் குடும்பம். நாலு பட்டைத் தண்டில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பகலில் துளைகளை மூடி, இரவில் திறந்து மூச்சு வாங்குவதால் ஈரம் வீணாவதில்லை. 1795-லேயே ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் இதைப் படத்துடன் பதிவு செய்திருக்கிறார்.

ஆடு மேய்ப்பவர்கள் பசி தாங்க இதை உப்புத் தொட்டுப் பச்சையாகவே தின்பார்கள். அந்தக் குணத்தை வைத்துத்தான் இப்போது இதன் சாறு உடல் எடை குறைக்கும் மாத்திரையாக வெளிநாடுகளில் விற்கிறது. அதனால் கரட்டுச் செடிக்கும் விலை வந்துவிட்டது. எடைக்குக் காசு என்றதும் வேரோடு பிடுங்கினால், பூத்து, கொம்பு போல் இரட்டைக் காய் வெடித்து, பஞ்சு விதை பறக்க வழியில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பாறை வெறும் பாறைதான். காப்புக்காட்டில் பறிப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

வளர்க்கும் முறை: முற்றிய தண்டை நாலைந்து விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். வெட்டுவாய் காய, நிழலில் நாலைந்து நாள் போட்டு வையுங்கள். செம்மண், மணல், சிறு கல் கலந்து, வேலியோரம் மேட்டில் நடுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். இதற்கு எமன் வறட்சியல்ல, ஈரம். குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்தவர்கள் தொட்டியில் நட்டு, சாரல் படாத இறவாரத்தில் வைப்பது நல்லது. அறுக்கும்போது வேரை அசைக்காமல், பாதித் தண்டுகளையாவது விட்டு வையுங்கள்.

அடையாளம் முக்கியம்: சதுரக்கள்ளிக்கு முள் உண்டு, கீறினால் வெள்ளைப் பால் வரும். அது நஞ்சு. கள்ளிமுளையானில் முள்ளும் இல்லை, வெள்ளைப் பாலும் இல்லை. பால் வந்தால் வாயில் வைக்காதீர்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

இளந்தண்டை நல்லெண்ணெயில் வதக்கி, உளுந்து, வற்றல், புளி சேர்த்துத் துவையல் அரைக்கலாம். சர்க்கரைக்கு நல்லது என்று யார் சொன்னாலும், அதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுங்கள்.

வேலியோரம் பத்துத் தண்டு நட்டால் வீட்டுத் துவையலுக்குப் பஞ்சமில்லை. கரட்டில் இருப்பது விதைக்கு நிற்கட்டும்.