சிவப்பு மையும் சுடுசொல்லும்

உபாத்தியாயர்களாகிய எங்களுக்குச் சிவப்பு மையின் சக்தி நன்றாகத் தெரியும். கணக்கில் பிழை நேர்ந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தால், பையன் அதைத் திருத்திக்கொண்டு வருகிறான். கோட்டுக்குப் பக்கத்தில் "மண்டு" என்றும் எழுதிவிட்டாலோ, மறுநாள் நோட்டுப் புத்தகத்தையே வீட்டில் 'மறந்து' வைத்துவிட்டு வருகிறான்.

இந்தச் சிறு உண்மையை ஒப்புக்கொள்ள, உலகப் பிரசித்தி பெற்ற மேதை ஒருவருக்கு 27 ஆண்டுகள் பிடித்தன.

1991-ஆம் ஆண்டில், பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், கம்ப்யூட்டரை இயக்கும் 'லினக்ஸ்' என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். இன்று நேயர்களின் ஆண்டிராய்டு கைப்பேசிக்குள்ளும் அதுவே அஸ்திவாரமாக இருக்கிறது.

அதை வளர்ப்பவர்கள் பல தேசங்களிலும் பரவியுள்ள ஆயிரக்கணக்கானவர்கள். ஒருவர் தாம் எழுதிய திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்பினால், மற்றவர்கள் அதை வரி வரியாகச் சோதித்துக் குற்றங்குறைகளைப் பகிரங்கமாகவே எழுதுவார்கள். தேறியவை மட்டும் படிப்படியாக மேலே சென்று டோர்வால்ட்ஸை அடையும். ஒரு வரி பிசகினாலும் கோடிக்கணக்கான யந்திரங்களுக்குக் கேடு நேரலாம். ஆகவே, கண்டிப்பு அவசியமே.

ஆனால் அந்தக் கண்டிப்புடன் வசையும் கலந்துவிட்டது. பிழை செய்தவரின் அறிவையே பழித்து டோர்வால்ட்ஸ் எழுதுவார். ஊரெல்லாம் அதைப் படிக்கும். 2013-ல் உடனுழைப்பவர் ஒருவர் வெளிப்படையாக ஆட்சேபித்தபோதும், தம் வழக்கமே சரி என்று அவர் வாதாடினார்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி அவர் எழுதிய மடல் அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. தாம் பிறரைத் தாக்கி எழுதியது தகாது என்று கூறி மன்னிப்புக் கேட்டார். பிறர் மனத்தை அறிந்து நடக்க உதவி நாடப்போவதாகவும் தெரிவித்தார். பொறுப்பைக் கிரெக் குரோவா-ஹார்ட்மனிடம் ஒப்புவித்துச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். புதிய நடத்தை விதிகளும் ஏற்பட்டன. அக்டோபர் 22-ஆம் தேதி, லினக்ஸின் 4.19-ஆம் பதிப்பு வெளிவந்தது. டோர்வால்ட்ஸும் பணிக்குத் திரும்பினார்.

அதன்பின் அவர் முனிவராகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுடுசொல்லைக் குறைத்தால் தரம் கெடும் என்ற அச்சம் வீணாயிற்று. சோதனை தளரவில்லை, லினக்ஸ் வளர்ந்தே வருகிறது.

திருத்தம் பெறுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. தன் படைப்பைத் தன் உயிராகவே எண்ணுகிறவனுக்கு அதிலுள்ள பிழை புலப்படாது. 'நான்' என்பதை அகற்றிப் பிறர் பார்வைக்கு அதை வைக்கவேண்டும் என்று ஜெரால்டு வெயின்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் 1971-லேயே நூல் எழுதி எடுத்துரைத்தார்.

நம் பிள்ளைகள் பலர் இந்த உத்தியோகத்துக்குப் போகிறார்கள். பிழையைச் சுட்டினால் முகம் சுளிக்கலாகாது, பிழை செய்தவரை இகழலாகாது என்னும் இரண்டையும் சொல்லி அனுப்புவோம்.

நான் சிவப்பு மையைக் கைவிடவில்லை. பக்கத்தில் எழுதும் அந்த ஒரு வார்த்தையைத்தான் விட்டுவிட்டேன். நோட்டுப் புத்தகங்கள் இப்போது தவறாமல் வந்து சேருகின்றன.