சீனி வருத்தமும் பக்கத்து வீடும்

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குப் போகும் வழியிலுள்ள தோட்டங்களில் “எனக்குச் சீனி இருக்கு” என்று ஒருவர் வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. வேலைக்கு ஆகாதவர் என்று கங்காணி நினைத்துவிடுவாரோ என்ற பயம் ஒன்று. மகளுக்கு வரன் பேசும்போது “பரம்பரை நோய்” என்ற கதை கிளம்பும் என்பது இன்னொன்று. சாவு வீட்டில் நீட்டும் தேத்தண்ணியை வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் முகம் வாடும். எனவே மாத்திரையை மறைவாக விழுங்கிவிட்டு, சீனி போட்ட தேத்தண்ணியையும் குடித்துவிடுவார்கள்.

இப்படி மறைப்பது மலையில் உயிராபத்தாகலாம். கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், காலையில் அரை ரொட்டியோடு கொழுந்துக்கு ஏறி, பகல் சாப்பாடும் பிந்தினால், இரத்தச் சீனி 100 மில்லிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அந்த நேரத்தில் என்ன நடக்கிறதென்று அவருக்கே விளங்காமல் போகலாம். அடுத்த நிரையில் நிற்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்பவும் கொடுப்பார். தெரியாதவர் வெயில் மயக்கம் என்று நிழலில் படுக்க வைத்துவிட்டுப் போய்விடக்கூடும். (நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.)

உடலுக்கு நேர்வது போலத்தான் மனதுக்கும். நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது என்பதை, 42 ஆய்வுகளைத் தொகுத்த 2001ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. மனச்சோர்வு அளவுக்குப் போகாத இன்னொரு களைப்பும் இருக்கிறது. தினமும் மாத்திரை, தினமும் சாப்பாட்டுக் கணக்கு, “கால் போய்விடுமோ” என்ற அச்சம், இவற்றைத் தனியே சுமப்பதால் வருவது அது. அந்தக் களைப்பில் முதலில் தவறுவது கிளினிக். கவலை கூடும்போது உடலில் சுரக்கும் கோர்ட்டிசோல் சீனியை இன்னும் ஏற்றிவிடும்.

லயத்தில் தனிமை இல்லையே என்று கேட்கலாம். ஒரே கூரை, மெல்லிய சுவர், இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஆனால் நெருக்கமாக வாழ்வதால் மட்டும் உறவு வந்துவிடாது. எல்லாம் கேட்கும் இடத்தில்தான் மனிதர்கள் மிகக் கவனமாக வாயை மூடுகிறார்கள். இருந்தாலும் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசும் பழக்கம் பலரைத் தாங்கியிருக்கிறது. பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018இல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்பது பல தலைமுறைகளாகக் கேட்ட உரிமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தனிவீட்டில் பொது இஸ்தோப்பு கிடையாது. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால், நோயாளியான தாய் இன்று மாத்திரை போட்டாரா என்று கேட்க யாராவது கதவைத் தட்டத்தான் வேண்டும்.

வன்னி வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு அங்கே குடியேறியவர்கள், 2009இல் மறுபடியும் அயலை இழந்தார்கள். போர் தனிமனிதர்களை மட்டுமல்ல, சமூகத்தின் பிணைப்பையே காயப்படுத்தியது என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். மீள்குடியேற்ற வீடுகளில் கூரை வந்தது. பழைய அயல் எல்லாருக்கும் திரும்பி வரவில்லை.

சேர்ந்து செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒரே கிளினிக்குக்குப் போகும் நான்கு பேர் ஒன்றாக பஸ் ஏறினால், ஒருவர் வராத மாதம் மற்ற மூவருக்கும் தெரியும். நித்திரையில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பவரை வைத்தியரிடம் கூட்டிப்போகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். விசேஷ வீடுகளில் சாயத்தண்ணியை வெறுமனே ஊற்றி, சீனியைத் தனியாக வைக்கலாம். உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக் குடித்த பழைய வழக்கம் அதுதானே. யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று ஒருவரும் பார்க்கப்போவதில்லை.