மோட்டார் மேல் பழி போடுமுன்

35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் ஒரு படம் எடுத்து முடிந்ததும், அடுத்த படத்துக்காகச் சுருளை நகர்த்துவதும் ஷட்டரின் வில்லை மீண்டும் முறுக்கி வைப்பதும் கட்டைவிரலால் லீவரைத் தள்ளிச் செய்யும் வேலைகள். அவ்வேலைகளைக் கேமராவின் அடிப்பகுதியில் திருகிப் பொருத்தப்படும் ஒரு மின்மோட்டாரிடம் ஒப்படைக்கும் துணைக்கருவியே மோட்டார் டிரைவ். நிக்கான் நிறுவனம் 1957இல் எஸ்பி கேமராவுக்கு எஸ்-36 என்னும் மோட்டாரையும், 1959இல் வெளிவந்த எஃப் கேமராவுக்கு எஃப்-36 என்பதையும் தந்தது. பின்னர் எஃப்எம், எஃப்இ வரிசைக்கென வந்த எம்டி-11, எம்டி-12 ஆகியவை எட்டு ஏஏ பேட்டரிகளின் வலுவில் நொடிக்கு 3.5 படங்கள் வரை எடுக்க உதவின. இக்கருவிகள் இன்று பழைய பொருள் சந்தையில் 'இயங்கவில்லை' என்ற குறிப்போடு விலைக்கு வரும்போது, வாங்குவோர் முதலில் சந்தேகிப்பது மோட்டாரை. பழுது அங்கே இருப்பதோ அரிது.

காரணம், மோட்டார் டிரைவ் தன்போக்கில் சுழலும் கருவி அன்று. ஷட்டர் முழுவதும் மூடிய பின்னரே மோட்டார் சுழலத் தொடங்க வேண்டும். சுருள் ஒரு படத்தின் அளவு, அதாவது 38 மி.மீ., நகர்ந்து ஷட்டர் ஆயத்தமானதும் அது நிற்க வேண்டும். அதன்பிறகே அடுத்த படத்துக்கான ஆணை கேமராவுக்குச் செல்ல வேண்டும். இந்த முறைவரிசையைக் காப்பவை கேமராவின் அடித்தகட்டில் உள்ள மின்தொடுபுள்ளிகளும் உள்ளே இருக்கும் சிறு சுவிட்சுகளுமே. இவற்றில் ஒன்றிலிருந்து வர வேண்டிய குறிப்பு வராவிட்டால், குறையே இல்லாத மோட்டாரும் அசையாது.

ஆகவே டிரைவைக் கழற்றிவிட்டு, கேமராவைக் கையால் இயக்கிப் பார்ப்பதே முதல் சோதனை. எஃப்எம் முற்றிலும் இயந்திர ஷட்டர் உடையது என்பதால் பேட்டரி இல்லாமலும் இயங்கும், எஃப்இ அப்படியன்று. அதன் ஷட்டர் மின்னணுவால் கட்டுப்படுவதால், கேமராவின் சொந்தப் பொத்தான் பேட்டரிகள் தீர்ந்துபோனால் உட்கண்ணாடி மேலே சென்று அங்கேயே நின்றுவிடும், 'ஷட்டர் மூடிவிட்டது' என்ற குறிப்பும் எழாது. டிரைவில் எட்டுப் புதிய பேட்டரிகள் இருந்தும் பயனில்லாத இந்த நிலை, மோட்டார் செத்துவிட்டது என்ற தவறான முடிவுக்கு எளிதில் இட்டுச்செல்கிறது.

அடுத்தது பேட்டரி, இங்கேதான் மல்டிமீட்டர் பலரை ஏமாற்றுகிறது. சுமை ஏதும் இல்லாமல் அளந்தால், பாதி தீர்ந்த பேட்டரியும் நல்ல மின்னழுத்தத்தையே காட்டும். ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளேயே ஒரு தடை உண்டு. அகமின்தடை எனப்படும் இது, மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்தத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. புதிய ஆல்கலைன் பேட்டரி ஒன்றின் அகமின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், தொடராக இணைந்த எட்டுக்கும் சேர்த்து 1.6 ஓம் ஆகும்; 1.5 ஆம்பியர் பாயும்போது 12 வோல்ட்டில் 2.4 வோல்ட் உள்ளேயே கழிந்து, மோட்டாருக்குக் கிடைப்பது 9.6 வோல்ட் மட்டுமே. பேட்டரி தேயத் தேய இத்தடை பன்மடங்காகும். மறுமுறை மின்னேற்றக்கூடிய நிக்கல் வகைப் பேட்டரிகள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் என்பதால் எட்டும் சேர்ந்து 9.6 வோல்ட்டுக்கு மேல் தருவதில்லை எனினும், அவற்றின் அகமின்தடை மிகக் குறைவாதலால் சுமையின் கீழும் மின்னழுத்தம் அவ்வளவாகச் சரிவதில்லை. பேட்டரிகளின் உண்மை நிலையை அறிய, 12 வோல்ட், 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அவற்றோடு இணைத்து, அது எரியும்போதே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் மோட்டார் அசையாவிட்டால், பார்க்க வேண்டியது பேட்டரிக் கூட்டின் தகடுகளும் சுருள்வில்களும். ஆல்கலைன் பேட்டரி கசியும்போது வெளிவரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து வெண்ணிறப் பொருக்காகப் படிகிறது; செப்புக் கம்பிகளிலோ பச்சைக் களிம்பு ஏறுகிறது. கசிவு காரத்தன்மை கொண்டதால், வினிகரில் சிறிதே நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் பொருக்கு அகலும். கையுறையும் கண்ணாடியும் அணிவது அவசியம். தகடு பளபளத்த பின்னும் மின்சாரம் வராவிட்டால், கசிவு கம்பியின் உறைக்குள் ஊர்ந்து சென்றிருக்கலாம். அக்கம்பியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பழுதே அல்லாதவையும் பழுதாகத் தோன்றுவதுண்டு. எஃப்-36இன் எண்ணி பின்னோக்கி எண்ணுவது. அது 0-க்கு வந்ததும் மோட்டார் நின்றுவிடும், எண்ணியை மீண்டும் அமைத்தாலே போதும். ஷட்டர் அரை நொடி திறந்திருக்கும்போது நொடிக்கு 3.5 படங்களை எதிர்பார்ப்பதும் வீண். எம்டி-11ஐ அணைக்க மறந்தால் கேமராவின் ஒளிமானி இயங்கிக்கொண்டே இருந்து அதன் பேட்டரியைத் தீர்த்துவிடும். எம்டி-12 அதைத் தானாகவே சற்று நேரத்தில் துண்டிக்கும்படி திருத்தப்பட்டது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே மோட்டாரின் முறை வருகிறது. சுழலும் மோட்டார், தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்துக்கு எதிராகத் தானே ஒரு மின்னழுத்தத்தை எழுப்பி மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. எதிர் மின்னியக்கு விசை என்னும் இது, மோட்டார் சிக்கி நின்ற கணத்திலேயே மறைந்துவிடுவதால் மின்னோட்டம் பெருகிச் சுருள்கம்பிகள் சூடேறுகின்றன. கெட்டியாகிப்போன பழைய கிரீஸ் பல்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும்போதும் இதே நிலைதான். ஆகவே முனகிக்கொண்டு நிற்கும் டிரைவின் பொத்தானை விடாமல் அழுத்திப் பார்ப்பது, பிழைக்கக்கூடிய மோட்டாரையும் கொன்றுவிடும். அவ்விடத்தில் தேவை பழைய மசகை நீக்கிப் புதிதிடத் தெரிந்த கை.

எஃப்-36 வாங்குவோருக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. இந்த மோட்டாரை ஏற்க எஃப் கேமராவின் அடித்தகட்டையே மாற்றி, ஒவ்வொரு மோட்டாரையும் ஒவ்வொரு கேமராவுக்கெனத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1971இல் வந்த எஃப்2வில்தான் அத்தேவை நீங்கியது. ஒரு கேமராவுக்கெனச் சரிசெய்த எஃப்-36ஐ இன்னொரு கேமராவில் அப்படியே பூட்டி ஓட்டினால் கேமராவின் உள்ளமைப்பே சேதமடையலாம். எனவே தனியாக விற்பனைக்கு வரும் எஃப்-36ஐ விட்டுவிட்டு, தன் கேமராவோடு சேர்ந்தே வருவதைத் தேடி வாங்குவது நல்லது.