பாலைவனத்துப் பெருங்கொம்பு ஆடு

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் உள்ள வறண்ட மலைகளில் வாழும் காட்டுச் செம்மறி இனம் பாலைவன பிக்ஹார்ன். மொஹாவி, சொனோரா பாலைவனங்களும், கோடை வெப்பத்துக்குப் பெயர்போன மரணப் பள்ளத்தாக்கும் இதன் வாழிடங்கள். மணல்வெளியில் இதைத் தேடிப் பயனில்லை. செங்குத்தான பாறைச் சரிவு உள்ள இடத்தில்தான் தங்கும்.

தோள்வரை ஏறக்குறைய மூன்றடி உயரம். வளர்ந்த கிடா 60 முதல் 90 கிலோ வரை இருக்கும்; பெட்டை அதைவிடச் சிறியது. உடலில் வீட்டுச் செம்மறியின் கம்பளி கிடையாது, மானுக்கு உள்ளதுபோல் குட்டையான வெளிர்பழுப்பு முடிதான். அசையாமல் நின்றால் பாறை எது, ஆடு எது என்று தெரியாது. திரும்பி ஓடும்போது வெள்ளைப் பிட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

கிடாவின் கொம்பு நெற்றியில் கிளம்பிப் பின்னோக்கிப் போய், காதைச் சுற்றி வளைந்து, கன்னத்துக்கு அருகே முன்னோக்கி நீளும். இந்தச் சுருள் முழுமையடையப் பல ஆண்டுகள் ஆகும். மான்கொம்புபோல் உதிராமல் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், அதில் விழும் ஆண்டு வளையங்களை எண்ணி வயதைக் கணிக்கலாம். பெட்டைக்கும் கொம்பு உண்டு, ஆனால் மெலிந்தது, குட்டையானது. கோடையின் பிற்பகுதியில் இணைசேரும் பருவம் தொடங்கியதும் கிடாக்கள் விலகி நின்று, பின்னங்காலில் எழும்பி, பாய்ந்து வந்து முட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கின் மறுகரைவரை கேட்கும். மண்டையோட்டின் காற்றறைகளும் கொம்புக்குள் இருக்கும் கடற்பஞ்சு போன்ற எலும்பும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றன. சினைக்காலம் ஏறக்குறைய ஆறு மாதம். குளிர்கால மழையில் புல் துளிர்க்கும் வேளையில் பெரும்பாலும் ஒரே குட்டி பிறக்கும்.

பாதுகாப்பு மேலே இருக்கிறது, தண்ணீர் கீழே இருக்கிறது. இதுதான் இந்த விலங்கின் தீராத சிக்கல். பாறையில் இதைத் துரத்திப் பிடிப்பது எளிதன்று. குளம்பின் விளிம்பு கடினம், உட்புறம் மென்மை; அதனால் இரண்டு விரல் அகலத் திட்டிலும் வழுக்காமல் நிற்கும். கண்பார்வையும் வெகு கூர்மை. ஆனால் சுனைக்கு இறங்கும்போது பூமா பதுங்கியிருக்கக்கூடும். ஆகவே அடிக்கடி இறங்காமல் வாழப் பழகியிருக்கிறது. பசுந்தழை கிடைக்கும் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நீரின்றி இருக்கும். கடுங்கோடையில் சில நாளுக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். பீப்பாய்க் கள்ளியைக் கொம்பாலும் குளம்பாலும் உடைத்து, முள்ளுக்குள் இருக்கும் ஈரச்சதையைத் தின்பதும் உண்டு. நீரிழப்பில் உடல் எடை வெகுவாகக் குறைந்தாலும், சுனையை அடைந்ததும் வயிறு புடைக்கக் குடித்துச் சீக்கிரமே தேறிவிடும்.

பூமாவைவிடக் கொடிய எதிரி வீட்டு ஆடு. அதனிடமிருந்து தொற்றும் நுரையீரல் அழற்சி கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிடும். வேட்டையும் சேர்ந்ததால் 1960களுக்குள் டெக்சாஸில் இந்த ஆடு அடியோடு அற்றுப்போனது. அரிசோனாவில் சாரணச் சிறுவர்கள் எழுப்பிய குரலால் 1939இல் கோஃபா, கபேசா பிரியேட்டா ஆகிய இரு காப்பகங்கள் அமைந்தன. மெக்சிகோவின் திபுரோன் தீவில் 1975இல் விடப்பட்ட 20 ஆடுகள் சுமார் இருபது ஆண்டுகளில் 500 அளவுக்குப் பெருகின. அங்கிருந்து பிடித்த ஆடுகள் இப்போது வேறு மலைகளில் மேய்கின்றன.